ஒரு தரம் பார்த்தல், எட்டுக் கண்ணாடிக் கருவிகள்: எதை எப்போது எடுப்பது, எதால் அலசுவது

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறைக்கு வரும் பிள்ளைகளிடம் பியூரெட் எப்படி இருக்கும் என்று கேட்டால் படமே வரைந்துவிடுவார்கள். பிப்பெட், பீக்கர், கூம்புக் குடுவை எல்லாமே தெரியும். ஆனால் மேசை முன்னால் நின்றதும் எதை முதலில் எடுப்பது, எதை எதால் அலசுவது என்று தெரியாமல் பக்கத்து மேசையைப் பார்ப்பார்கள். பக்கத்து மேசையில் இருப்பவரும் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதனால் கருவிகளைப் பட்டியல் போட்டு விளக்காமல், ஒரே ஒரு சோதனையை முதலிலிருந்து கடைசிவரை செய்துகாட்டுகிறேன். சோதனை இதுதான்: செறிவு சரியாகத் தெரியாத பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலை, நாமே தயாரிக்கும் ஆக்சாலிக் அமிலக் கரைசலைக் கொண்டு தரம் பார்ப்பது, அதாவது இதோடு வினைபுரிய அது எவ்வளவு செலவாகிறது என்று அளந்து அதன் செறிவைக் கண்டுபிடிப்பது. ஆய்வகத்தில் அடிக்கடி கைக்கு வரும் கண்ணாடிப் பொருள்கள் பெரும்பாலும் இந்த ஒன்றிலேயே வந்துவிடும்.

1. மேசையில் முதலில் இருக்க வேண்டியவை

கண்ணாடியில்: 100 மி.லி. பீக்கர் இரண்டு, வாட்ச் கிளாஸ் (குழிந்த சிறு கண்ணாடித் தட்டு) ஒன்று, சிறிய புனல் இரண்டு, 100 மி.லி. ஸ்டாண்டர்டு பிளாஸ்க் (ஒடுங்கிய கழுத்தில் ஒரே கோடு போட்ட குடுவை), 50 மி.லி. பியூரெட் (கீழே திறந்து மூடும் திருகுள்ள நீண்ட அளவுக் குழாய்), 20 மி.லி. பிப்பெட் (குறித்த ஒரே அளவை உறிஞ்சி எடுக்கும் குழாய்), 250 மி.லி. கூம்புக் குடுவை, 25 மி.லி. அளவுஜாடி. இவற்றோடு ஒரு கண்ணாடிக் குச்சியும் ஒரு சொட்டுக் குழாயும்.

மற்றவை: பிப்பெட்டுக்கு ரப்பர் பல்ப், பியூரெட் ஸ்டாண்டு, வெள்ளை டைல், வாலை வடிநீர் நிரப்பிய வாஷ் பாட்டில், கம்பி வலையும் முக்காலியும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி.

எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகு ஒவ்வொன்றின் விளிம்பையும் முனையையும் வெளிச்சத்தில் பாருங்கள். விரலால் தடவிப் பார்க்காதீர்கள். பிப்பெட் முனை துளியளவு உடைந்திருந்தாலும் கரைசல் வடியும் வேகம் மாறிவிடும், அளவும் மாறிவிடும். பீக்கரின் அடியில் நட்சத்திரம்போல விரிசல் தெரிந்தால் அதை அடுப்பில் ஏற்றக்கூடாது. இதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும். பாதி வேலையில் குடுவை வெடித்தால் மொத்தத்தையும் மறுபடி செய்ய வேண்டிவரும்.

2. கையில் எடுக்கும் ஒவ்வொன்றையும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

"இதற்குள் இருக்கும் கரைசலின் கனஅளவு என் கணக்கில் வருகிறதா?" இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால், எதை எதால் அலசுவது, எதை ஈரத்தோடு வைக்கலாம், எதைச் சூடாக்கலாம் என்பதெல்லாம் தானாக வந்துவிடும்.

பீக்கரிலும் கூம்புக் குடுவையிலும் பக்கவாட்டில் 50, 100 என்று கோடுகள் இருக்கும். அவை அளப்பதற்கு அல்ல, ஏறக்குறைய எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கு. 5 சதவீதம் வரை தவறலாம் என்று பல பீக்கர்களில் அச்சிட்டே இருக்கும். அளவுஜாடி அதைவிட நல்லது, சாதாரணமாக ஒரு சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும். பிப்பெட், பியூரெட், ஸ்டாண்டர்டு பிளாஸ்க் மூன்றும்தான் உண்மையிலேயே துல்லியமானவை. ஏ வகை 20 மி.லி. பிப்பெட்டில் அனுமதிக்கும் பிழை 0.03 மி.லி., பி வகையில் 0.06 மி.லி. ஒரு சொட்டே 0.05 மி.லி. இருக்கும் என்பதை வைத்துப் பார்த்தால், எவ்வளவு நுணுக்கம் என்று புரியும்.

இந்த மூன்றுக்குள்ளும் ஒரு வேறுபாடு உண்டு, அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஸ்டாண்டர்டு பிளாஸ்க் தனக்குள் 100 மி.லி.யை வைத்திருக்கும். வெளியே ஊற்றினால் சுவரில் கொஞ்சம் ஒட்டிக்கொள்வதால் 100 வராது. பிப்பெட்டும் பியூரெட்டும் வெளியே விடும் அளவுக்குக் குறியிடப்பட்டவை. சுவரில் ஒட்டியிருப்பதைக் கழித்துத்தான் கோடு போட்டிருக்கிறார்கள். கருவியின் மேலேயே டி.சி. அல்லது 'இன்' என்று இருந்தால் உள்ளே கொள்ளும் அளவு, டி.டி. அல்லது 'எக்ஸ்' என்று இருந்தால் வெளியே விடும் அளவு.

அங்கேயே 20 டிகிரி செல்சியஸ் என்றும் எழுதியிருக்கும். நம் ஊர் ஆய்வகம் பெரும்பாலும் 30 டிகிரியைத் தாண்டித்தான் இருக்கிறது. 20இலிருந்து 30க்குப் போகும்போது தண்ணீர் ஏறக்குறைய 0.25 சதவீதம் விரியும். ஆக்சாலிக் கரைசலும் பெர்மாங்கனேட்டும் ஒரே அறையில் ஒரே சூட்டில் இருந்தால் பள்ளி அளவிலான வேலைக்கு இது தொந்தரவு தராது. வெந்நீரில் கரைத்துவிட்டு ஆறுவதற்குள் கோடு வரை நிரப்புவதுதான் தவறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

3. கழுவுதல்

வரிசை: குழாய்த் தண்ணீர், சோப்புக் கரைசலும் பிரஷ்ஷும், மறுபடி குழாய்த் தண்ணீர் நான்கைந்து முறை, கடைசியாக வாலை வடிநீர் இரண்டு முறை. வாலை வடிநீரை ஒரேயடியாக நிறைய ஊற்றுவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று முறை ஊற்றிச் சுழற்றிக் கொட்டுவது நன்றாகச் சுத்தம் செய்யும், தண்ணீரும் மிச்சம்.

சுத்தமாகிவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வாலை வடிநீரை ஊற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். நீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். அங்கங்கே முத்துமுத்தாக நின்றால் எண்ணெய்ப் பசை இருக்கிறது, மறுபடி சோப்பு. பியூரெட்டில் இதை அவசியம் பாருங்கள். சுவரில் சொட்டு தங்கினால் அந்தச் சொட்டு வடிந்ததாக அளவு காட்டும், ஆனால் குடுவைக்குள் போயிருக்காது.

கழுவியதைத் துணியால் உள்ளே துடைக்க வேண்டாம், நூல் ஒட்டும். அளக்கும் கருவிகளை அடுப்பில் வைத்து உலர்த்தவும் வேண்டாம். அடுத்த படிகளில் பார்ப்பதுபோல், எடை போடும் வாட்ச் கிளாஸைத் தவிர எதையும் உலர்த்த வேண்டிய தேவை இந்தச் சோதனையில் இல்லை.

4. எடை போடுதல்: வாட்ச் கிளாஸும் பீக்கரும்

ஆக்சாலிக் அமிலப் படிகத்தின் சமான எடை 63, அதாவது ஒரு லிட்டர் கரைசலில் 63 கிராம் இருந்தால் அதன் செறிவு 1 நார்மல். 0.1 நார்மல் கரைசல் 100 மி.லி. வேண்டுமென்றால் 0.63 கிராம் போதும். வாட்ச் கிளாஸைத் தராசில் வைத்துச் சுழியாக்கிவிட்டு, சிறு கரண்டியால் படிகத்தைத் தட்டித் தட்டிப் போடுங்கள்.

இங்கே பிள்ளைகள் நேரத்தை வீணாக்குவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சரியாக 0.630 வர வேண்டும் என்று கூட்டுவதும் குறைப்பதுமாகப் பத்து நிமிடம் போய்விடும், மேசையெல்லாம் படிகம் சிந்தும். தேவையே இல்லை. 0.636 விழுந்தால் 0.636 என்று எழுதிக்கொள்ளுங்கள். செறிவு 0.101 நார்மல், அவ்வளவுதான். எடை எவ்வளவு என்பதைவிட, எடை எவ்வளவு என்று தெரிந்திருப்பதுதான் முக்கியம்.

இன்னொன்று, தராசு எத்தனை தசம இடம் காட்டுகிறது என்று பாருங்கள். 0.01 கிராம் வரை மட்டும் காட்டும் தராசில் 0.63 கிராமை எடுத்தால், அங்கேயே ஒன்றரை சதவீதப் பிழை வரலாம். அதற்குப் பிறகு பிப்பெட்டில் எவ்வளவு கவனம் காட்டினாலும் அந்தப் பிழை போகாது. அப்படிப்பட்ட தராசுதான் இருக்கிறது என்றால், 500 மி.லி. கரைசலாகச் சேர்த்துத் தயாரித்து எல்லோரும் பகிர்ந்துகொள்வது நல்லது. எடுக்கும் எடை கூடினால் பிழையின் சதவீதம் குறையும்.

வாட்ச் கிளாஸைப் பீக்கருக்கு மேல் சாய்த்துப் பிடித்து, வாஷ் பாட்டிலால் படிகத்தை உள்ளே கழுவி இறக்குங்கள். விரலால் தட்டினால் ஒன்றிரண்டு படிகம் வாட்ச் கிளாஸிலேயே தங்கும். 40 மி.லி. அளவுக்கு வாலை வடிநீர் ஊற்றிக் கண்ணாடிக் குச்சியால் கலக்குங்கள். இந்த 40ஐப் பீக்கரின் கோட்டைப் பார்த்தே ஊற்றலாம். இரண்டாம் படியின் கேள்வியைக் கேளுங்கள்: இந்த 40 கணக்கில் வருகிறதா? இல்லை.

5. ஸ்டாண்டர்டு பிளாஸ்க்கில் கோடு வரை நிரப்புதல்

ஏன் பீக்கரில் கரைத்துவிட்டு மாற்ற வேண்டும், நேராக பிளாஸ்க்கிலேயே போட்டால் என்ன என்று கேட்பார்கள். கழுத்து ஒடுக்கமானது, படிகம் சுவரில் ஒட்டும், குச்சி விட்டுக் கலக்க முடியாது, சூடாக்கவும் கூடாது. பீக்கரில் கரைந்துவிட்டதா என்று கண்ணால் பார்க்கலாம்.

கழுத்தில் புனலை வைத்து, கண்ணாடிக் குச்சியைப் பீக்கரின் மூக்கில் சாய்த்து, குச்சி வழியாக ஊற்றுங்கள். பிறகு பீக்கரை மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாக வாலை வடிநீர் விட்டு அலசி, அந்த அலசலையும் பிளாஸ்க்கிலேயே சேர்க்க வேண்டும். குச்சியையும் புனலையும்கூட அதிலேயே கழுவி விடுங்கள். 0.636 கிராமில் ஒரு துகள்கூட வெளியே தங்கக்கூடாது, அதற்குத்தான் இவ்வளவும்.

கரைசல் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு முக்கால் பங்கு வரை நிரப்பி, மூடாமல் மெல்லச் சுழற்றுங்கள். அப்புறம் கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வரை வாஷ் பாட்டில். கடைசி ஒரு சென்டிமீட்டரைச் சொட்டுக் குழாயால் மட்டும் நிரப்புங்கள். கழுத்தில் நீர்மட்டம் நடுவில் குழிந்து நிற்கும். அந்தக் குழிவின் அடிப்பகுதி கோட்டைத் தொட வேண்டும், கண் அதே உயரத்தில் இருக்க வேண்டும். மேலே இருந்து பார்த்தால் இன்னும் எட்டாதபோதே எட்டிவிட்டதுபோலத் தெரியும்.

கோட்டைத் தாண்டிவிட்டால் சொட்டுக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடலாமா? கூடாது. எடுப்பது வெறும் நீர் அல்ல, உங்கள் ஆக்சாலிக் அமிலமும் சேர்ந்துதான் வெளியே போகும். எடையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

மூடியை அழுத்திப் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், பதினைந்து இருபது முறை. இதை இரண்டு முறை செய்துவிட்டு விடுபவர்கள்தான் அதிகம். கழுத்தில் இருக்கும் நீர் லேசானது, கீழே இருப்பது செறிவானது. கலக்காவிட்டால் முதல் பிப்பெட்டில் ஒரு செறிவும் மூன்றாவதில் வேறொரு செறிவும் வரும். கலக்கிய பிறகு மட்டம் கோட்டுக்குச் சற்றுக் கீழே போயிருக்கும். மூடியிலும் கழுத்திலும் ஒட்டியதுதான் அது. பார்த்ததும் கை தானாக வாஷ் பாட்டிலுக்குப் போகும், போக விடாதீர்கள்.

6. பியூரெட்டைத் தயார் செய்தல்

பெர்மாங்கனேட் பியூரெட்டில்தான் இருக்க வேண்டும், திருகு கண்ணாடியாகவோ டெஃப்ளானாகவோ இருக்க வேண்டும். ரப்பர் குழாயும் கவ்வியும் உள்ள பியூரெட் ஆகாது. பெர்மாங்கனேட் ரப்பரைத் தின்னும், அதில் தானும் செலவாகும். சோடியம் ஹைட்ராக்சைடு என்றால் கதை நேர்மாறு. கண்ணாடித் திருகில் அதை நிறுத்தி வைத்தால் திருகு இறுகிப்போய் அசையாது.

கழுவிய பியூரெட்டின் உள்சுவரில் வாலை வடிநீர் ஒட்டியிருக்கும். அப்படியே பெர்மாங்கனேட்டை நிரப்பினால் அது நீர்த்துப்போகும். அதனால் 5 மி.லி. பெர்மாங்கனேட்டை ஊற்றி, பியூரெட்டைப் படுக்கை வசமாகச் சுழற்றி, எல்லாச் சுவரையும் நனைத்து, திருகு வழியாக வெளியே விடுங்கள். இரண்டு முறை. திருகு வழியாக விடுவது முக்கியம், முனைக்குள்ளும் நீர் நிற்கிறதே.

பிறகு புனல் வைத்து, சுழியத்துக்கு மேல் வரை நிரப்புங்கள். திருகை ஒரு நொடி முழுவதுமாகத் திறந்து மூடுங்கள். முனையில் இருக்கும் காற்றுக்குமிழ் கரைசலோடு தள்ளப்பட்டு வெளியே போகும். போகவில்லை என்றால் பியூரெட்டைச் சாய்த்துப் பிடித்துத் திறந்து பாருங்கள்.

புனலை எடுத்துவிடுங்கள். இதைத் தனி வரியாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எல்லா ஆண்டும் யாராவது ஒருவர் மறக்கிறார். புனலின் தண்டில் தங்கிய கரைசல் நடுவில் சொட்டினால் மட்டம் இறங்க வேண்டிய அளவு இறங்காது, அளவு குறைவாகத் தெரியும்.

பெர்மாங்கனேட்டின் நிறம் அடர்த்தியானது, குழிவின் அடி தெரியாது. மேல் விளிம்பைப் பார்த்து அளவெடுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் அதே விளிம்பு என்றால் கணக்கில் எந்த வேறுபாடும் வராது. சுழியத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. 0.3இல் நின்றால் 0.3 என்று எழுதிவிட்டுத் தொடங்கலாம். பியூரெட் எண்கள் மேலிருந்து கீழாகக் கூடும், இதை அளவுஜாடிபோல கீழிருந்து மேலாகப் படித்துவிடுவதும் உண்டு.

7. பிப்பெட்டால் 20 மி.லி. எடுத்தல்

பிப்பெட்டில் ஆக்சாலிக் அமிலம். அதுவும் கணக்கில் வரும் அளவு, அதனால் அதே அமிலத்தால் இரண்டு முறை அலச வேண்டும். பிப்பெட்டை நேராக ஸ்டாண்டர்டு பிளாஸ்க்கில் விடாதீர்கள். இரண்டாவது பீக்கரை ஆக்சாலிக் கரைசலால் கொஞ்சம் அலசிவிட்டு, அதில் கரைசலை ஊற்றி வைத்துக்கொண்டு எடுங்கள். ஈரமான பிப்பெட் பிளாஸ்க்குக்குள் போனால் உங்கள் மொத்தக் கரைசலும் நீர்த்துவிடும்.

வாயால் உறிஞ்ச வேண்டாம். நான் படித்த காலத்தில் வாயால்தான் உறிஞ்சினோம், புளிப்பு நாக்கில் பட்டவர்கள் வகுப்பில் பாதிப் பேர். ஆக்சாலிக் அமிலம் நச்சு. ரப்பர் பல்ப் இருக்கிறது.

பல்ப்பைச் செருகும்போதுதான் ஆய்வகத்தில் மோசமான காயங்கள் நடக்கின்றன. பிப்பெட்டின் நடுக்குமிழைப் பிடித்துக்கொண்டு மேல்முனையில் பல்ப்பை அழுத்தினால், நடுவில் தண்டு முறிந்து உள்ளங்கையில் ஏறும். மேல்முனையிலிருந்து இரண்டு விரல் அகலம் கீழே பிடியுங்கள். முனையை நீரில் நனைத்து, மெல்லத் திருகியபடி செருகுங்கள். இறுக்கமாக நுழைய வேண்டியதில்லை, காற்றுப் புகாமல் பொருந்தினால் போதும்.

கோட்டுக்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் வரை இழுத்து, பல்ப்பை எடுத்துவிட்டு ஆள்காட்டி விரலால் மூடுங்கள். கட்டை விரல் வேண்டாம், அதில் பிடி நுணுக்கமாக வராது. விரல் நனைந்திருந்தால் ஒரேயடியாக அடைத்துக்கொள்ளும், முழுக்க உலர்ந்திருந்தால் ஒழுகும். லேசான ஈரம் இருக்கட்டும். முனையின் வெளிப்புறத்தை டிஷ்யூ தாளால் துடைத்து, கோட்டைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து, விரலைச் சற்றே உருட்டி மட்டத்தைக் கோட்டில் நிறுத்துங்கள்.

கூம்புக் குடுவையைக் கொஞ்சம் சாய்த்து, பிப்பெட்டைச் செங்குத்தாகப் பிடித்து, முனையைக் குடுவையின் உள்சுவரில் தொட்டபடி விரலை எடுங்கள். தானாக வடியட்டும். வடிந்து முடிந்த பிறகு இரண்டு மூன்று நொடி தொட்டபடியே வைத்திருந்து எடுங்கள்.

முனையில் ஒரு சொட்டு தங்கும். பார்த்தால் மனது கேட்காது, ஊதித் தள்ளத் தோன்றும். ஊதாதீர்கள். அந்தச் சொட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் கோடு போட்டிருக்கிறார்கள். மேல்முனையில் இரட்டை வளையம் பொறித்த ஊதித்தள்ளும் வகை பிப்பெட்டுக்கு மட்டும் இது பொருந்தாது.

8. கூம்புக் குடுவையும் அளவுஜாடியும்

கூம்புக் குடுவையை எதால் அலசுவது? இதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். பியூரெட்டை அதன் கரைசலால் அலசினோம், பிப்பெட்டை அதன் கரைசலால் அலசினோம், அப்படியானால் குடுவையையும் ஆக்சாலிக் அமிலத்தால் அலச வேண்டும் என்று கை போகும். கூடாது. பிப்பெட் அளந்து கொடுத்த 20 மி.லி.தான் கணக்கு. அலசியதில் அரை மி.லி. சுவரில் தங்கினால் உள்ளே இருப்பது 20.5 மி.லி. அமிலம்.

வாலை வடிநீரால் அலசினால் போதும், ஈரத்தோடே இருக்கலாம். நீர் சேர்ந்தால் அமிலம் நீர்க்குமே என்பார்கள். நீர்க்கும், ஆனால் உள்ளே இருக்கும் ஆக்சாலிக் அமிலத்தின் அளவு மாறாது. பெர்மாங்கனேட் அதோடுதான் வினைபுரியப் போகிறது.

அடுத்து நீர்த்த கந்தக அமிலம், 2 நார்மல் அளவில், 20 மி.லி. இதற்கு அளவுஜாடி போதும். மிகையாக இருந்தாலே சரி, 19ஆ 21ஆ என்பது விடையை மாற்றாது. அமிலம் போதவில்லை என்றால்தான் தொல்லை. பழுப்பாகக் கலங்கும், அது மாங்கனீஸ் டை ஆக்சைடு. கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றிவிடாதீர்கள், அதையும் பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றம் செய்யும், அளவு கூடிப்போகும்.

அடர் கந்தக அமிலத்திலிருந்து நீர்த்த அமிலம் தயாரிக்க வேண்டியிருந்தால், பீக்கரில் நீரை எடுத்து அதில் அமிலத்தை மெல்ல ஊற்ற வேண்டும். ஒருபோதும் அளவுஜாடியிலோ ஸ்டாண்டர்டு பிளாஸ்க்கிலோ செய்யாதீர்கள். கிளம்பும் சூட்டுக்கு அவை செய்யப்பட்டவை அல்ல. போரோசிலிகேட் கண்ணாடியால் ஆன பீக்கர் தாங்கும். சாதாரண சோடாக் கண்ணாடியைவிட அது சூட்டில் மூன்றில் ஒரு பங்குதான் விரியும்.

9. சூடாக்கித் தரம் பார்த்தல்

ஆக்சாலிக் அமிலமும் பெர்மாங்கனேட்டும் அறைச் சூட்டில் மிக மெதுவாகவே வினைபுரியும். குடுவையைக் கம்பி வலைமேல் வைத்து 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்குங்கள். கொதிக்க விடக்கூடாது, ஆக்சாலிக் அமிலமே சிதையத் தொடங்கும். சூடான கண்ணாடிக்கும் ஆறிய கண்ணாடிக்கும் பார்வையில் வேறுபாடே தெரியாது. மடித்த தாளைக் கழுத்தில் சுற்றிப் பிடித்து எடுத்து, டைல்மேல் வையுங்கள். ஈர மேசைமேல் நேராக வைத்தால் விரிசல் விழும்.

இடது கை பியூரெட்டைச் சுற்றிவந்து திருகைப் பிடிக்கட்டும், வலது கை குடுவையைச் சுழற்றட்டும். கூம்பு வடிவம் இதற்காகத்தான். அடி அகலம், கழுத்து ஒடுக்கம், எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் தெறிக்காது. பீக்கரில் இதைச் செய்து பாருங்கள், மேசையெல்லாம் ஊதாவாகும்.

முதல் சில சொட்டுகள் விழுந்ததும் இளஞ்சிவப்பு அப்படியே நிற்கும். முடிவு வந்துவிட்டது என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். இல்லை, பொறுங்கள், சுழற்றிக்கொண்டே இருங்கள். அரை நிமிடத்தில் நிறம் மறையும். வினையில் உண்டாகும் மாங்கனீஸ் அயனியே வினையை வேகப்படுத்தும், அது கொஞ்சம் சேரும்வரைதான் இந்தத் தாமதம். அப்புறம் விழுந்த உடனே நிறம் மறையும், வேகமாக விடலாம்.

நிறம் மறையத் தாமதமாகத் தொடங்கியதும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கடைசியில் அரைச் சொட்டும் வரும். திருகை லேசாக அசைத்து முனையில் சொட்டு தொங்கும்போது, அதைக் குடுவையின் சுவரில் தொட்டெடுத்து வாஷ் பாட்டிலால் கழுவி இறக்குங்கள். 30 நொடி நிலைத்து நிற்கும் மிக வெளிறிய இளஞ்சிவப்புதான் முடிவுநிலை. அடர் ரோஜா நிறம் வந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள்.

முடிவுநிலை வந்த உடனே அளவைப் படிக்காதீர்கள். அரை நிமிடம் பொறுத்தால் சுவரில் ஒட்டியது கீழே வடிந்து மட்டம் நிலைக்கும். 0.05 வரை மதிப்பிட்டு எழுதுங்கள். இரண்டு அளவுகள் 0.1 மி.லி.க்குள் ஒத்துப்போகும்வரை திரும்பச் செய்யுங்கள்.

20 மி.லி. 0.1 நார்மல் அமிலத்துக்கு 19.8 மி.லி. பெர்மாங்கனேட் செலவானால், 20ஐ 0.1ஆல் பெருக்கி 19.8ஆல் வகுக்க, 0.101 நார்மல்.

10. அளவுகள் ஒத்துவராதபோது எண்களையே படியுங்கள்

ஒருமுறை ஒரு மாணவி ஏட்டை நீட்டினாள்: 20.4, 20.2, 20.1. ஒவ்வொரு முறையும் சுழியம் வரை நிரப்பித்தான் தொடங்கினாளாம். "எனக்கு முடிவுநிலை சரியாத் தெரியல சார், நிறம் பிடிபடவே இல்ல" என்றாள். நிறத்தில் தவறு இருந்தால் எண்கள் மேலும் கீழுமாகச் சிதறும். இவளுடையது ஒரே திசையில் இறங்கிக்கொண்டே இருந்தது. "பியூரெட்டைப் பெர்மாங்கனேட்டால் அலசினாயா?" என்று கேட்டேன். வாலை வடிநீரோடு நிறுத்திவிட்டாள்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். 50 மி.லி.யில் 1 மி.லி. நீர் கலந்திருந்தால் செறிவு 2 சதவீதம் குறையும், 20க்குப் பதில் 20.4 செலவாகும். மறுபடி நிரப்பும்போது புதுக் கரைசல் சேர்வதால் செறிவு ஏறும், அளவு 20.2க்கு இறங்கும். அடுத்த முறை 20.1. நான்காவது ஐந்தாவது முறை செய்திருந்தால் 20ஐ நெருங்கியிருக்கும். அவளுடைய கண்ணும் கையும் சரியாகத்தான் இருந்தன.

இப்படி ஒவ்வொரு தவறுக்கும் ஒரு தடம் உண்டு. முதல் அளவு மட்டும் கூடுதலாக, மற்றவை ஒத்துப்போனால் முனையில் இருந்த காற்றுக்குமிழ் நடுவில் வெளியேறியிருக்கலாம். முதல் அளவு மட்டும் குறைவென்றால் பிப்பெட்டை அமிலத்தால் அலசவில்லை. தாறுமாறாகச் சிதறினால் ஸ்டாண்டர்டு பிளாஸ்க்கைச் சரியாகக் கலக்கவில்லை, அல்லது புனல் பியூரெட்டின் மேலேயே இருக்கிறது. எல்லாம் அழகாக ஒத்துப்போய் விடை மட்டும் தப்பாக வந்தால், எடையைப் பாருங்கள், அல்லது ஒவ்வொரு முறையும் பிப்பெட்டை ஊதியிருக்கிறீர்கள். ஒத்துப்போவது என்றால் சரி என்று பொருள் இல்லை.

11. இந்தச் சோதனையில் வராத சில

சோதனைக் குழாய் சிறிய அளவில் வினை பார்க்க. சற்றுப் பெரிய கொதிகுழாய் அதையே சூடாக்கிப் பார்க்க. உருண்டை அடிக் குடுவை நீண்ட நேரம் கொதிக்க வைக்கவும் காய்ச்சி வடிக்கவும். மூலை இல்லாததால் சூடு சமமாகப் பரவும், வெற்றிடத்தின் அழுத்தத்தையும் தாங்கும். சாதாரணக் கூம்புக் குடுவையை வெற்றிடப் பம்பில் மாட்டாதீர்கள், உள்ளே நொறுங்கும். அதற்குப் பக்கவாட்டுக் குழாயுள்ள தடித்த சுவர் வடிகுடுவை தனியாக இருக்கிறது. பிரிபுனல், கலக்காத இரண்டு திரவங்களைப் பிரிக்க. திருகைத் திறக்கும் முன் மேல்மூடியைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் இறங்காது.

12. கழுவி எடுத்து வைத்தல்

பெர்மாங்கனேட்டைப் பியூரெட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மறுநாள் சுவரில் பழுப்புக் கறை படிந்திருக்கும், சோப்புக்கு அசையாது. ஏற்கெனவே படிந்துவிட்டதா? மீதமிருக்கும் ஆக்சாலிக் கரைசலில் கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, இளஞ்சூடாக்கி ஊற்றி வையுங்கள். சில நிமிடங்களில் கறை கரைந்து நிறமில்லாமல் போகும். எவ்வளவு தேய்த்தும் போகாதது கண்ணெதிரே கரைவதைப் பிள்ளைகள் ஆசையாக வந்து பார்ப்பார்கள்.

ஸ்டாண்டர்டு பிளாஸ்க்கில் கரைசலைச் சேமித்து வைக்க வேண்டாம். மூடிபோட்ட பாட்டிலுக்கு மாற்றிப் பெயரும் செறிவும் தேதியும் எழுதுங்கள், பெர்மாங்கனேட்டை ஒளி படாத பழுப்புப் பாட்டிலில். பிளாஸ்க்கைக் கழுவி, மூடிக்கும் கழுத்துக்கும் இடையே ஒரு தாள்துண்டைச் செருகி வைத்தால் ஒட்டிக்கொள்ளாது.

உடைந்த கண்ணாடி பொதுக் குப்பைத் தொட்டிக்குப் போகக்கூடாது. அதைக் காலி செய்ய வருபவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. தனி அட்டைப் பெட்டி, மேலே பெரிய எழுத்தில் 'உடைந்த கண்ணாடி'.

கடைசியாக பியூரெட். வாலை வடிநீரால் அலசி, திருகைத் திறந்து வைத்து, தலைகீழாக ஸ்டாண்டில் மாட்டுங்கள். கீழே ஒரு பீக்கரை வைத்தால் வடிவது மேசையை நனைக்காது.